ப்ளஸ் டூவுக்குப் பிறகு என்ன ஆனார்கள்?



இப்போதெல்லாம் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு 'கனா காணும் காலங்கள்' பழைய எபிசோடுகளை மறுபடி பார்த்துக்கொண்டிருக்கிறேன். 2006-இல் விஜய் டி.வி.யில் தொடங்கிய, பள்ளி மாணவர்களைப் பற்றிய தொடர். அதே ஆண்டு செப்டம்பரில்தான் அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுக்கத் தொடங்கியது. மீஞ்சூரைச் சுற்றிய ஊர்களில் பல வீடுகளுக்கு முதல் கலர் டி.வி. அதுதான். எட்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த எனக்கு, மேல்வகுப்பு அண்ணன்களும் அக்காக்களும் நிஜமாகவே இப்படித்தான் வாழ்கிறார்கள் என்ற நம்பிக்கை.

இன்று பார்த்தால் நடிப்பு கொஞ்சம் தூக்கல்தான், பின்னணி இசை அதைவிடத் தூக்கல். ஆனாலும் கண்ணில் படுவது, அந்தப் பிள்ளைகளிடம் இருந்த நேரம். வராந்தாவில் நிற்க, கோபித்துக்கொள்ள, சமாதானமாக எவ்வளவு நேரம்! அப்போது ப்ளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு கிடையாது. அந்த வசதியில் சில தனியார் பள்ளிகள் ப்ளஸ் ஒன் பாடத்தையே ஓரங்கட்டிவிட்டு, ப்ளஸ் டூ பாடத்தை இரண்டு வருடம் உருப்போட வைத்தன. அதைத் தடுக்கத்தான் 2018-இல் பதினொன்றுக்கும் பொதுத்தேர்வு வந்தது. 2025-இல் அதை ரத்து செய்தார்கள். இடையில் மாட்டிய பிள்ளைகளுக்கு அடுத்தடுத்து மூன்று வருடம் பொதுத்தேர்வு, நடுவில் கொரோனா வேறு. அவர்களைப் பார்த்து "எங்க காலத்துல ஜாலியா இருந்தோம்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இன்னொன்று. தொடரில் சண்டை வந்தால் வகுப்பே பார்க்கிறது. வாத்தியார் காதுக்குப் போகிறது, யாராவது ஒருத்தர் நடுவில் புகுந்து பேசுகிறார். இன்று வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து நீக்கப்பட்ட பிள்ளை, அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து இட்லி சாப்பிடுகிறது. அம்மாவுக்குத் தெரிவதில்லை. பிள்ளைகள் கெட்டுவிட்டார்கள் என்கிறவர்கள் இந்தத் தனிமையை யோசிப்பதில்லை என்பது என் எண்ணம்.

எல்லாமே இழப்பு என்றும் சொல்லமாட்டேன். அந்தத் தொடரில் ஒரு பையனும் பெண்ணும் பேசிக்கொண்டாலே ஒரு வாரத்துக்குக் கதை ஓடும். இப்போது காலையில் மீஞ்சூர் ஸ்டேஷனுக்கு வந்து பாருங்கள். வேலைக்குப் போக, கழுத்தில் ஐ.டி. கார்டோடு பெண்கள் கும்மிடிப்பூண்டி ரயிலுக்கு நிற்கிறார்கள். கூட வேலை பார்க்கும் பையன்களோடு ஓ.டி. பற்றியும் சூப்பர்வைசர் பற்றியும் சத்தமாகப் பேசுகிறார்கள். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

இவர்களுக்குத்தான் ஒரு தொடரும் வரவில்லை. 'கனா காணும் காலங்கள்' பிறகு கல்லூரிக்குப் போனது. நடிகர் கவின் அந்தக் கல்லூரிக் கதையில் வந்தவர்தான். 2022-இல் ஹாட்ஸ்டாரில் புதுப் பிள்ளைகளோடு மறுபடி பள்ளிக்கே திரும்பியது. ஐ.டி.ஐ. முடித்து அப்ரண்டிஸாகச் சேர்ந்து, பத்தொன்பது வயதில் நைட் ஷிஃப்ட் பார்த்து, தங்கையின் ஃபீஸ் கட்டும் பையன் எந்தச் சீசனிலும் கதாநாயகன் ஆகவில்லை. நம் பகுதியில் இளமை என்றால் பெரும்பாலும் அவன்தானே!

ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் முதல் ஷிஃப்ட், முதல் சம்பளம், கம்பெனி பஸ்ஸில் கிடைத்த முதல் நண்பர் பற்றி எங்களுக்கு எழுதுங்கள். அடுத்த இதழில் அதற்கு இடம் ஒதுக்குகிறோம். தூக்கக் கலக்கத்தில் எழுதினாலும் பரவாயில்லை, எழுத்துப்பிழைகளை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்