அரசியல் பேசுவது ஹாபி, கிராம சபை யாருக்கு?

ஒரு காலத்தில் ஹாபி என்று கேட்டால் ஸ்டாம்ப் சேகரிப்பது, கிரிக்கெட் பார்ப்பது, பாட்டு கேட்பது என்று பயோடேட்டாவில் எழுதுவார்கள். இப்போது யாரும் எழுதாத, ஆனால் எல்லாருக்கும் இருக்கிற ஹாபி ஒன்று உண்டு. அரசியல். காலையில் பஸ்ஸில் தொங்கிக்கொண்டே மொபைலைத் திறந்தால் அரசியல். காலேஜ் கேன்டீனில் அரசியல். ராத்திரி தூக்கம் வரும்வரை மீம்ஸ், டிவி விவாதம், யூடியூப் பேட்டி என்று மறுபடியும் அரசியல். இவ்வளவு அரசியல் தெரிந்த தலைமுறை இதுவரை வந்ததே இல்லை என்று சொல்லிக்கொள்ளலாம். (சொல்லிக்கொள்ள மட்டும்தான்!)

கோவிலம்பாக்கத்தில் மேடவாக்கம் மெயின் ரோடு ஓரமாக ஏதாவது ஒரு டீக்கடையில் நின்று, பக்கத்தில் டீ குடிக்கும் கல்லூரி மாணவரிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். அமெரிக்கத் தேர்தலில் எந்த மாநிலம் யார் பக்கம் போனது, டெல்லியில் யாருக்கும் யாருக்கும் லடாய், எந்த நடிகர் எப்போது கட்சி ஆரம்பித்தார், எல்லாம் தண்ணி பட்ட பாடாக வரும். 'உங்க வார்டு மெம்பர் யாருங்க?' என்று கேட்டால் மௌனம். 'கோவிலம்பாக்கம் மாநகராட்சியா, நகராட்சியா, ஊராட்சியா?' என்று கேட்டால் அதைவிடப் பெரிய மௌனம். கொஞ்சம் தைரியசாலியாக இருந்தால் 'சென்னைதானே பாஸ்?' என்பார்.

அங்கேதான் விஷயம் இருக்கிறது.

2011-இல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக வீங்கியது. பக்கத்திலிருக்கும் மடிப்பாக்கம் உள்ளே போனது, பள்ளிக்கரணை உள்ளே போனது. கோவிலம்பாக்கம் வெளியே நின்றது. 2021-இல் தாம்பரம் மாநகராட்சி உருவானது. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளும் சிட்லபாக்கம், மாடம்பாக்கம் உள்ளிட்ட ஐந்து பேரூராட்சிகளும் அதில் சேர்ந்தன. அப்போதும் கோவிலம்பாக்கம் வெளியேதான். அடுக்குமாடிக் குடியிருப்புகள், ஐ.டி. கம்பெனிக்குப் போகிற கூட்டம், தலைக்கு மேலே மெட்ரோ ரயில் தூண்கள் என்று எல்லாமும் வந்த ஊர், 2021 அக்டோபர் தேர்தலில் செங்கல்பட்டு மாவட்டம் பரங்கிமலை ஒன்றியத்தைச் சேர்ந்த ஒரு கிராம ஊராட்சியாகத்தான் ஓட்டுப் போட்டது.

'கிராமம்' என்ற வார்த்தையைக் கேட்டதும் சிரிக்காதீர்கள். அந்த வார்த்தையில் ஒரு பெரிய வசதி ஒளிந்திருக்கிறது. கிராம ஊராட்சி என்றால் கிராம சபை உண்டு. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று வருடத்துக்கு நான்கு முறை கூடிக்கொண்டிருந்தது. 2022-இல் மார்ச் 22, நவம்பர் 1 என்று இன்னும் இரண்டு நாட்கள் சேர்த்து ஆறாக்கினார்கள். இந்தச் சபையில் உட்கார எம்.எல்.ஏ. ஆக வேண்டாம், கட்சி கார்டு வேண்டாம். வாக்காளர் பட்டியலில் பேர் இருந்தால் போதும், நீங்களும் உறுப்பினர். வரவு செலவுக் கணக்கை அங்கே வாசித்தாக வேண்டும். என்ன வேலை எடுக்கலாம், எது முதலில், யார் பயனாளி என்பதெல்லாம் அங்கே பேசப்பட வேண்டும். எழுந்து நின்று கேள்வி கேட்கலாம், தீர்மானம் கொண்டு வரலாம்.

இந்தியாவில் சாதாரண மனிதன் நேராகப் போய் உட்கார்ந்து பேசக்கூடிய, சட்ட அந்தஸ்துள்ள சபை இது. பார்லிமென்டில் பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்து வாய் திறந்தால் வெளியே தள்ளிவிடுவார்கள். கிராம சபையில் வாய் திறக்காமல் இருந்தால்தான் தப்பு.

ஆனால் யார் போகிறார்கள்? மே 1 லீவு, ஆகஸ்ட் 15 லீவு, அக்டோபர் 2 லீவு. லீவு நாளில் தூங்குவது அடிப்படை உரிமை! சாயங்காலம் எழுந்து 'இந்த நாடு உருப்படாது' என்று ஒரு ஸ்டேட்டஸ் போட்டால் ஜனநாயகக் கடமை முடிந்தது.

அமெரிக்காவில் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஐத்தன் ஹெர்ஷ் என்றொரு பேராசிரியர் இருக்கிறார். இந்த வியாதியைப் பற்றியே 2020-இல் ஒரு புத்தகம் எழுதினார். அரசியல் செய்திகளை விழுந்து விழுந்து படிப்பது, பகிர்வது, கோபப்படுவது, எதிராளியைத் திட்டுவது, இதெல்லாம் அரசியல் இல்லை, கிரிக்கெட் ரசிகன் செய்வதைப் போன்ற பொழுதுபோக்கு என்பது அவர் வாதம். எதையாவது மாற்றுகிற அதிகாரத்தைத் தேடி நாலு பேரோடு சேர்ந்து வேலை செய்வதுதான் அரசியல் என்கிறார். அந்த ஊருக்கு எழுதியது இந்த ஊருக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி இருக்கிறது.

சந்தேகம் இருப்பவர்களுக்கு ஒரு தேதிக் கணக்கு.

2016 அக்டோபர் 17, 19 தேதிகளில் தமிழ்நாட்டில் உள்ளாட்சித் தேர்தல் நடந்திருக்க வேண்டும். வேட்புமனு தாக்கல்கூட முடிந்துவிட்டது. பழங்குடியினர் இட ஒதுக்கீடு முறையாக இல்லை என்று தொடுக்கப்பட்ட வழக்கில் அக்டோபர் 4-ஆம் தேதி உயர் நீதிமன்றம் அறிவிப்பை ரத்து செய்தது. சரி, குறையைத் திருத்திவிட்டு சில மாதத்தில் நடத்தியிருக்கலாம். நடத்தவில்லை. அந்த மாதக் கடைசியில் பதவிக்காலம் முடிந்தது, தனி அலுவலர்கள் வந்தார்கள். ஊராட்சித் தேர்தலை ஐந்து வருடம் முடிவதற்குள் நடத்த வேண்டும் என்று அரசியல் சாசனத்தின் 243-இ பிரிவு சொல்கிறது. அது பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது.

மற்ற பல மாவட்டங்களில் 2019 டிசம்பரில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. புதிதாகப் பிரித்த மாவட்டங்கள் என்று சொல்லி செங்கல்பட்டு உள்ளிட்ட ஒன்பது மாவட்டங்களைத் தள்ளிவைத்தார்கள். சுப்ரீம் கோர்ட் கெடு வைத்த பிறகு 2021 அக்டோபர் 6, 9 தேதிகளில் தேர்தல் வந்தது. ஆக, கோவிலம்பாக்கத்துக்கு முழுதாக ஐந்து வருடம், ஒரு முழு பதவிக்காலம், காணாமல் போனது.

அந்த ஐந்து வருடத்தில் என்னென்ன வந்தது? 2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல். 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் எல்லாம் வறண்டு தண்ணி லாரிக்குத் தவம் கிடந்த பஞ்சம். 2020-இல் கொரோனா. மூன்றுக்கும் இந்த ஊரில் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் கிடையாது, வார்டு உறுப்பினர் கிடையாது. தெருவில் கையைப் பிடித்து நிறுத்தி 'என்னய்யா ஆச்சு?' என்று கேட்க ஒரு ஆள் கிடையாது. தேர்தல் நடத்தவில்லை என்பதால் மத்திய நிதிக்குழு மானியம் நிறுத்தி வைக்கப்பட்டு, மாநில அரசு டெல்லியில் கேட்டுக்கொண்டிருந்த கதையும் நடந்தது.

இதே நேரத்தில் இளைஞர்கள் சும்மா இருந்தார்களா? இல்லை. தேர்தல் ரத்தாகி மூன்றரை மாதத்தில், 2017 ஜனவரியில், மெரினாவில் கூடிய கூட்டத்தை நாடே பார்த்தது. ஜல்லிக்கட்டுக்காக ராத்திரி பகலாக உட்கார்ந்தார்கள். ஜனவரி 21-இல் அவசரச் சட்டம், 23-இல் சட்டமன்றத்தில் மசோதா. ஒரு வாரத்தில் காரியம் முடிந்தது. யாரும் தலைமை தாங்காமல், குப்பையைக்கூடத் தாங்களே அள்ளிய அந்தக் கூட்டத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கேள்வி வேறு. மாட்டுக்காக ஒரு வாரத்தில் சட்டத்தை மாற்ற முடிந்தவர்கள், ஓட்டுக்காக ஐந்து வருடத்தில் ஒரு நாள்கூட உட்காரவில்லையே, ஏன்?

பதில் கசப்பானது. ஜல்லிக்கட்டில் பெருமை இருந்தது, டிவி கேமரா இருந்தது, எதிரி டெல்லியில் இருந்தான். உள்ளாட்சியில் இருப்பது சாக்கடை, தெருவிளக்கு, குப்பை, குடிதண்ணீர், வீட்டு வரி. இதில் ஹீரோ ஆக முடியாது, மீம் போட முடியாது. ஹாபிக்கு இது லாயக்கில்லை. அதனால்தான் யாரும் சீண்டவில்லை. கேட்க ஆள் இல்லை என்று தெரிந்தால் எந்தக் கட்சி அரசாங்கமாக இருந்தாலும் தேர்தலைத் தள்ளிப்போடும். அன்றைக்குத் தள்ளிப்போட்டது அ.தி.மு.க. ஆட்சி. 2025 ஜனவரி 5-இல் 28 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தபோது, தேர்தலுக்குப் பதிலாகத் தனி அலுவலர்களை நியமித்தது தி.மு.க. ஆட்சி. இதற்கும் முன்னால் சென்னை மாநகராட்சியே 1973-இல் கலைக்கப்பட்டு 1996 வரை 23 வருடம் மேயரும் கவுன்சிலரும் இல்லாமல் கிடந்தது. இரண்டு கழகங்களும் சண்டை போடாமல் ஒத்துப்போகிற ஒரே கொள்கை இதுதான் போலிருக்கிறது :-)

செங்கல்பட்டில் 2021 அக்டோபரில் பதவியேற்றவர்களின் ஐந்தாண்டுக் கணக்கு 2026 அக்டோபர். அந்தத் தேதி எத்தனை பேர் மொபைல் காலண்டரில் இருக்கிறது?

இனி வழக்கமாக வரும் சால்ஜாப்புகள்.

'கிராம சபை எல்லாம் கண்துடைப்பு. முன்பே எழுதி வைத்த தீர்மானத்தில் கையெழுத்து வாங்குவார்கள்.' பல இடங்களில் உண்மைதான். ஆனால் எழுதி வைத்த தீர்மானம் எப்படி நிறைவேறுகிறது? எதிர்த்துப் படிக்க ஆள் வராததால். பத்தாயிரத்துக்கு மேல் ஜனத்தொகை உள்ள ஊராட்சியில் சபை நடக்க 300 பேர் வேண்டும் என்று கணக்கு. இந்த ஏரியாவில் இரண்டு பெரிய அப்பார்ட்மென்டை எழுப்பிக் கூட்டி வந்தால் 300 பேர் தேறும். பி.காம். படிக்கிற பிள்ளைகள் மட்டும் பத்து பேர் போய் வரவு செலவுக் கணக்கைக் கையில் வாங்கி, 'இந்த வவுச்சர் எங்கே, இந்த ரசீதுக்கு எதிர்ப்பதிவு எங்கே?' என்று கேட்டால் கண்துடைப்பு எத்தனை நாள் ஓடும்? செமஸ்டரில் இல்லாத கம்பெனியின் டிரையல் பேலன்ஸ் டேலி ஆகவில்லை என்று ராத்திரி முழுக்க மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். சொந்த ஊராட்சியின் கணக்கு டேலி ஆகிறதா என்று பார்க்க ஒரு லீவு நாள் கிடையாதாம்.

'வாடகை வீடு, சொந்த ஊர் திருநெல்வேலி.' ஓட்டும் அங்கே, பொங்கலும் அங்கே, சரி. ஆனால் வருடத்தில் 350 நாள் குடிக்கும் தண்ணீர் இங்கேதானே? குப்பை போடுவது இங்கேதானே? மாறி வந்தவர்கள் பேரை மாற்ற படிவம் 8 இருக்கிறது, உட்கார்ந்த இடத்திலிருந்தே அனுப்பலாம். பீட்சா ஆர்டர் பண்ணுவதைவிடக் கொஞ்சம்தான் கஷ்டம். வாடகைக்காரனுக்கு ஓட்டு இங்கே இல்லை என்று தெரிவதால்தான் வாடகைக்காரன் தெருவுக்குக் கடைசியில் லைட் வருகிறது.

'மாநகராட்சியோடு சேர்த்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்.' இது இந்தப் பக்கத்தில் பல வருடமாக ஓடும் கனவு. 2022 பிப்ரவரியில் தமிழ்நாடு முழுக்க நகர்ப்புறத் தேர்தல் நடந்தபோது மாநில சராசரி சுமார் 60 சதவீதம். சென்னை மாநகராட்சியில் சுமார் 43. மாநகராட்சிக்காரர்கள் ஆன பிறகு பாதிப் பேர்கூட எட்டிப் பார்க்கவில்லை. பெயர்ப்பலகை மாறினால் சாக்கடை தானாக ஓடாது. கீழ்க்கட்டளை ஏரி நிரம்பி நாராயணபுரம் ஏரிக்கு வந்து, அங்கிருந்து பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் போக வேண்டிய தண்ணீர், ஊராட்சியா மாநகராட்சியா என்று பார்த்து ஓடுவதில்லை. வழியை அடைத்தால் வீட்டுக்குள் வரும். 2015-இல் வந்தது, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வந்தது. மாநகராட்சியிலும் வார்டு கமிட்டி, ஏரியா சபை என்று 2022-இல் விதிகள் வந்தாயிற்று. அங்கேயும் போய் உட்கார ஆள் வேண்டும்.

'படித்தவன் போய் என்ன கிழிக்க முடியும்?' திருவள்ளூர் பக்கம் குத்தம்பாக்கம் என்றொரு ஊர். ரசாயனப் பொறியியல் படித்த இளங்கோ ரங்கசாமி, அரசு ஆராய்ச்சி நிறுவன வேலையை விட்டுவிட்டு வந்து, 1996-இல் சொந்த ஊரில் ஊராட்சித் தலைவர் ஆனார். சாதி பிரிந்து கிடந்த ஊரில் எல்லாச் சாதியினரும் பக்கத்துப் பக்கத்தில் குடியிருக்கும்படி இரட்டை வீடுகள் கட்டி, உள்ளூர் மண்ணையும் உள்ளூர் ஆட்களையும் வைத்தே வேலையை முடித்தார். ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர் தேர்தலில் கட்சிச் சின்னமே கிடையாது. 'எல்லாக் கட்சியும் மோசம்' என்று புலம்புகிறவர்களுக்காகவே செய்து வைத்தது மாதிரி ஒரு தேர்தல். 21 வயது ஆனால் நிற்கலாம். கடைசி வருட பி.காம். மாணவருக்கு அந்த வயது வந்துவிடுகிறது.

கடைசியாக, 'பெரிய அரசியல் முக்கியம் இல்லையா?' முக்கியம்தான். மாநில உரிமை, மொழி, இட ஒதுக்கீடு எல்லாமே பேச வேண்டியவைதான். ஆனால் சோழிங்கநல்லூர் மாதிரி லட்சக்கணக்கில் வாக்காளர்கள் உள்ள தொகுதியில் ஒரு எம்.எல்.ஏ.வை நேரில் பார்த்து நாலு வார்த்தை பேசுவது குதிரைக்கொம்பு. வார்டு உறுப்பினர் அதே மளிகைக் கடையில் பால் பாக்கெட் வாங்க வருவார். அவரிடம் கேள்வி கேட்கத் துணியாதவர்கள் பிரதமரிடம் கேள்வி கேட்பது மொபைல் திரைக்குப் பின்னால் இருக்கும் வீரம்.

ஹாபி வைத்துக்கொள்வதில் தப்பே இல்லை. ஸ்டாம்ப் சேகரிப்பவர் தபால் துறையைத் தான்தான் நடத்துவதாக நினைத்துக்கொள்வதில்லை. அரசியல் பேசுகிறவர்கள் மட்டும் பேசுவதாலேயே நாட்டை நடத்துவதாக நினைத்துக்கொள்கிறார்கள். அந்த நினைப்பில் அவர்கள் இருக்கும்போது, லீவு நாள் காலையில் காலி நாற்காலிகளுக்கு முன்னால் தீர்மானங்கள் நிறைவேறிக்கொண்டிருக்கின்றன.