புரோத்தன் ஒரு சிவப்பு உருண்டை இல்லை

பாடப்புத்தகப் படங்களில் புரோத்தன் எப்பவும் ஒரு சிவப்பு உருண்டைதான். நடுவில ஒரு கூட்டல் குறி. பிறகு ஒருநாள், "அதுக்குள்ள மூன்று குவாக்குகள் இருக்கு" எண்டு குறிப்புத் தருவினம். நாங்களும் பாடமாக்கி, எழுதி, புள்ளி எடுப்பம். அதுக்குள்ள யார் எட்டிப் பார்த்தது எண்டு ஒருத்தரும் கேட்பதில்லை. அந்தக் கேள்வி இல்லாமல் குவாக்கைப் படிப்பிப்பது பௌதிகவியல் இல்லை, வெறும் மனப்பாடம் என்பதே என் கருத்து.

புரோத்தனைக் கண்ணால் பார்க்க ஏலாது. கட்புல ஒளியின் அலைநீளம் அதைவிடக் கோடிக்கணக்கான மடங்கு பெரிது. அதனால் இலத்திரன்களை எறிந்து, அவை எந்தக் கோணத்தில், எவ்வளவு சக்தியோடு திரும்பி வருகின்றன எண்டு எண்ணுகிறார்கள். இருட்டில மாமரத்துக்குக் கல் எறிஞ்சால், இலைக்குள்ளால போற கல்லும் கொப்பில பட்டுத் தெறிக்கிற கல்லும் ஒரே மாதிரி விழாது தானே? இலத்திரனை எறிவதற்கும் காரணம் உண்டு. அது வன்விசைக்கு உட்படாது, அதற்கு உள்ளமைப்பு இருப்பதாக இதுவரை தெரியவில்லை. ஆகவே சிதறலில் தெரியும் புதினம் எல்லாம் புரோத்தனுடையது.

1950களில் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் றொபேட் ஹொஃப்ஸ்ராட்டர் இதைச் செய்தார். புரோத்தன் ஒரு புள்ளியாக இருந்தால் வரவேண்டிய அளவுக்கு, பெரிய கோணங்களில் இலத்திரன்கள் வரவில்லை. அப்படியெண்டால் ஏற்றம் ஒரு புள்ளியில் இல்லை, பரவியிருக்கிறது. புரோத்தனுக்குப் பருமன் உண்டு! 1961 இல் அவருக்கு நோபல் பரிசில் பாதி கிடைத்தது.

பரவின ஏற்றம் பஞ்சு மாதிரியா, மணிகள் மாதிரியா? 1960களின் கடைசியில் அதே ஊரில், 3 கிலோமீற்றர் நீள ஆர்முடுக்கியில், பிறீட்மன், கென்டல், ரெயிலர் ஆகியோரின் குழு இன்னும் உரமாக எறிந்தது. பஞ்செண்டால் கடுமையான மோதல்கள் மிக அரிதாகவே இருக்கவேண்டும். எதிர்பார்த்ததைவிட மிக அதிகமாக வந்தன. உள்ளே சின்னஞ்சிறு மணிகள் இருந்தன. 1964 இல் குவாக்கு என்ற கருத்து முன்வைக்கப்பட்டபோது அதை வெறும் கணித வசதி எண்டு நினைத்தவர்கள் பலர். அந்த நினைப்பை மாற்றியதில் இந்த எண்ணிக்கைகளுக்குப் பெரிய பங்குண்டு. 1990 இல் மூவருக்கும் நோபல்.

கதை முடியவுமில்லை. புரோத்தனின் ஆரை ஏறத்தாழ 0.88 பெம்ரோமீற்றர் எண்டு நம்பியிருந்த நேரம், 2010 இல் சுவிற்சர்லாந்தில் மியூவோன் கொண்டு அளந்தவர்களுக்கு 0.84 வந்தது. ஆர் பிழை? வருஷக்கணக்காக வாக்குவாதம். 2019 இல் அமெரிக்காவின் ஜெபர்சன் ஆய்வுகூடத்தில் இலத்திரன் சிதறலாலேயே திரும்ப அளந்தபோது கிடைத்தது 0.83. பழைய சிதறல் அளவீடுகள் ஏன் கூடக் காட்டின என்பது இன்னும் விவாதத்தில் இருக்கிறது.

"இதுக்கெல்லாம் பாடத்திட்டத்தில நேரம் எங்க?" எண்டு கேட்பினம். கூலோமின் விதியும் டி புறொக்லியின் அலைநீளமும் ஏற்கனவே படிப்பிக்கிற விஷயங்கள். அவற்றோடு ஒரு பாடவேளை சேர்த்தால் போதும். மூன்று குவாக்கு எண்டது விடை. அந்த விடை எப்படி வந்தது, எங்க ஆடிப்போனது எண்டு தெரிஞ்ச பிள்ளைதான் நாளைக்கு நாலாவது கேள்வியைக் கேட்கும்.