பீர் எப்போது ‘மிக்ஸிங்’ ஆனது?

முனைவர் பட்ட ஆய்வுக்காகப் புனேவுக்கு வந்த முதல் வாரம். விமான் நகரில் சாலையோரத் தேநீர்க் கடையொன்றின் முன் நின்றிருந்தேன். அலுவலக அடையாள அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்ட ஒருவர் வந்து, ‘தோன் கட்டிங்’ என்றார். காலை ஒன்பது மணிக்கு இரண்டு கட்டிங்கா என்று திகைத்தேன். வந்தவை இரண்டு அரைக் கோப்பைத் தேநீர். இந்த நகரில் ‘கட்டிங்’ என்றால் பாதித் தேநீர். தமிழ்நாட்டில் அது குவார்ட்டரில் பாதி, அதாவது 90 மி.லி. சாராய வகை.

மொழியியல் படித்தவனுக்கு இதில் ஒரு சுவை உண்டு. 750 மி.லி. புட்டியில் ஏறத்தாழக் கால் பங்கு குவார்ட்டர். அதில் பாதி கட்டிங். காலில் பாதிக்குத் தமிழில் ஏற்கெனவே ‘அரைக்கால்’ என்ற பெயர் உண்டு. கால் என்ற பின்னத்துக்கு ‘வ’ என்ற குறியும் உண்டு. 2010இல் வெளிவந்த ‘வ – குவார்ட்டர் கட்டிங்’ என்ற திரைப்படத்தின் தலைப்பில் அந்தக் குறி எட்டிப் பார்த்ததைப் பலர் கவனித்திருக்கமாட்டார்கள். முந்திரி, மாகாணி, அரைக்கால் என்று நுணுக்கமாக அளந்த சமூகம், மதுவைப் பற்றிப் பேசும்போது மட்டும் அளவில் ஏன் இவ்வளவு கவனக்குறைவாக இருக்கிறது என்பதே இந்தப் பதிவின் கேள்வி. கேள்வி எழுந்தது நூலகத்தில் அன்று. ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில்.

சென்ற டிசம்பரில் நள்ளிரவு தாண்டி, எங்கள் அடுக்ககத்தின் மேல்தளத்திலிருந்து ஒரு தம்பி ஓடிவந்தான். “அண்ணே, அவன் எந்திரிக்க மாட்டேங்கிறான்ணே” என்றான். மாடிக்குப் போனேன். இருபத்திரண்டு வயது, மெலிந்த உடல், மதுரைப் பக்கத்துப் பையன். மல்லாந்து கிடந்தான். வாயோரம் வாந்தி. மூச்சு விட்டுவிட்டு வந்தது. அவனை ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயைத் துடைத்து, 108ஐ அழைத்தேன். அதற்குமுன் நாற்பது நிமிடங்களாக நான்கு பேர் அவனைச் சுற்றி உட்கார்ந்து, அழைக்கலாமா வேண்டாமா என்று விவாதித்திருக்கிறார்கள். காரணம் பிறகு சொல்கிறேன்.

மருத்துவர் எவ்வளவு குடித்தான் என்று கேட்டார். “ஒரு குவார்ட்டர்தான் சார்” என்றார்கள் நண்பர்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. மருத்துவர் மறுபடியும் கேட்டார்: எதில் கலந்து? “பீர்ல.” எந்த பீர்? “ஸ்ட்ராங்.” எவ்வளவு? “ஒரு ஃபுல் பாட்டில், மிக்ஸிங்குக்கு.”

அந்த இடத்தில் எனக்குச் சொல் உறைத்தது. நம் பேச்சுத் தமிழில் ‘சரக்கு’ ஒன்று, ‘மிக்ஸிங்’ ஒன்று. மிக்ஸிங் என்பது தண்ணீர், சோடா, கோலா. கணக்கில் வருவது சரக்கு மட்டுமே. மிக்ஸிங்கை யாரும் எண்ணுவதில்லை, எண்ணவும் தேவையில்லை. பிராந்தியில் பீரை ஊற்றும்போது, பீர் தண்ணீரின் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. அந்த இடத்துக்கு வந்தவுடன் அது மது என்ற தகுதியை இழந்துவிடுகிறது. ‘ஒரு குவார்ட்டர்தான்’ என்ற விடை அப்படித்தான் பிறந்தது.

மொழி நம் சிந்தனையைச் சிறைவைக்கிறது என்ற பழைய வாதத்தை நான் இங்கே தூக்கிக்கொண்டு வரவில்லை. பீரில் மது உண்டு என்பது அந்த நால்வருக்கும் தெரியும். ஆனால் தெரிந்திருப்பது வேறு, எண்ணுவது வேறு. எதை எண்ண வேண்டும் என்பதைப் பழகிய சொற்கள்தான் பெரும்பாலும் முடிவுசெய்கின்றன.

எண்ணிப் பார்ப்போம். 180 மி.லி. பிராந்தி, 42.8 விழுக்காடு. அதில் தூய மது 77 மி.லி.; எடையில் சுமார் 61 கிராம். ஸ்ட்ராங் பீர் 650 மி.லி., 8 விழுக்காடு. அதில் 52 மி.லி.; சுமார் 41 கிராம். மொத்தம் 102 கிராம். கணக்கில் விடுபட்ட அந்த ‘மிக்ஸிங்’, 60 மி.லி. லார்ஜ் பெக் இரண்டுக்குச் சமம். கலவையின் செறிவு பதினைந்தரை விழுக்காடு, அதாவது திராட்சை ஒயினைவிடச் சற்றுக் கூடுதல். ஒயின் செறிவுள்ள ஒன்றைப் பீர் குடிக்கும் அளவிலும் வேகத்திலும் வெறும் வயிற்றில் குடித்திருக்கிறான். உடல் ஒரு மணி நேரத்தில் வெளியேற்றுவது ஏறத்தாழ ஏழிலிருந்து பத்து கிராம். மறுநாள் நண்பகலிலும் அவன் உடலில் அது மிச்சமிருந்திருக்கக்கூடும்.

உலகில் பல இடங்களில் இந்தக் கலவைக்குத் தனிப்பெயர் உண்டு. கொரியாவில் சோஜுவும் மேக்ஜு என்னும் பீரும் கலந்தால் ‘சோமேக்’. பானத்தைப் போலவே பெயரும் இரு சொற்களின் கலவை. பீருக்குள் கடின மதுவை இறக்கும் வகைக்கு அங்கே ‘பொக்தான்ஜு’, குண்டு மது என்றும் பெயர். ரஷ்யர்கள் பீரில் வோட்காவை ஊற்றி ‘யோர்ஷ்’ என்கிறார்கள். அது முள்துடுப்புள்ள ஒரு மீனின் பெயர். ஜெர்மானியர்க்கு அது நீர்மூழ்கிக் கப்பல். டச்சுக்காரர்கள் பீரையும் ஜெனீவரையும் அருகருகே வைத்து ‘தலைமுட்டு’ என்று பொருள்படும் பெயரிட்டார்கள். குண்டு, முள், நீர்மூழ்கி, முட்டு: பெயரிலேயே எச்சரிக்கை இருக்கிறது. நம்மிடம் பெயரில்லை. பெரும்பாணாற்றுப்படையில் அரிசியிலிருந்து மது ஆக்கும் முறை விவரிக்கப்படுகிறது. கள், நறவு, தேறல், தோப்பி, மட்டு எனப் பிரித்துப் பெயரிட்ட மரபு நம்முடையது. இன்று எல்லாவற்றுக்கும் ‘சரக்கு’ என்ற ஒரே சொல்.

சொல்லின் இந்தக் குறை பேச்சோடு நிற்கவில்லை, சட்டத்திலும் இருக்கிறது. மகாராஷ்டிரத்தில் 1949ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டமே இன்றும் அடிப்படை. குடிப்பதற்கு உரிமச் சீட்டு வேண்டும். பீருக்கு வயது 21, கடின மதுவுக்கு 25. தமிழ்நாட்டில் இரண்டுக்கும் 21 தான். அதாவது இருபத்திரண்டு வயது மாணவன் விமான் நகரில் ஒரு முழுப்புட்டி ஸ்ட்ராங் பீரை, 41 கிராம் மதுவை, உரிமத்தோடு குடிக்கலாம். பத்து கிராம் மதுவுள்ள ஒரு ஸ்மால் பெக் ரம் அவனுக்குக் குற்றம். சட்டமும் பானத்தின் பெயரைத்தான் பார்க்கிறது, அளவைப் பார்க்கவில்லை. இந்தப் பிரிவினைக்கு நியாயம் இல்லாமல் இல்லை: பீர் வயிற்றை நிரப்பும், வேகத்தைத் தணிக்கும். ஆனால் கலவையில் அந்தத் தடை உடைந்துபோகிறது.

நாற்பது நிமிடம் வீணானது இதனால்தான். ‘இவனுக்கு இருபத்தஞ்சு ஆகல, யாருகிட்டயும் பர்மிட் இல்ல, போலீஸ் வந்துருமோ’ என்ற அச்சம். எங்கள் பக்கத்துக் கல்யாணி நகரில் 2024 மே 19 அன்று நடந்த கார் விபத்தை நாடே அறியும். இரண்டு இளம் பொறியாளர்கள் இறந்தார்கள். குடித்துவிட்டு ஓட்டியதாகக் குற்றஞ்சாட்டப்பட்டவன் பதினேழு வயதுச் சிறுவன். முதலில் பிணை வழங்கிய சிறார் நீதி வாரியம் 300 சொற்களில் கட்டுரை எழுதச் சொன்னது. அதன்பின் இப்பகுதியில் மதுவைப் பற்றிய பேச்செல்லாம் வயதைப் பற்றிய பேச்சானது. அது தேவையான பேச்சுதான். ஆனால் வயது கேட்கும் காவலாளியைத் தாண்டியவுடன், எவ்வளவு என்று கேட்க ஒருவரும் இல்லை.

ஆகவே என் கருத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ‘குடிக்காதே’ என்ற அறிவுரை சரியானது; குடிக்காமல் இருப்பதே நலம். ஆனால் அதோடு நம் கல்வி முடிந்துவிடுவதால், குடிக்கிறவன் அளக்கத் தெரியாதவனாகவே இருக்கிறான். விடுதி அறிமுக வகுப்புகளில் கிராம் கணக்கைச் சொல்லித்தர வேண்டும். ஆஸ்திரேலியாவில் புட்டியின் மேல் அதில் எத்தனை ‘நிலையளவு’ மது உள்ளது என்று அச்சிட்டாக வேண்டும். அங்கே ஒரு நிலையளவு 10 கிராம். நம் புட்டிகளில் விழுக்காடு இருக்கிறது. விழுக்காட்டை மி.லி.யால் பெருக்கி, 0.79ஆல் பெருக்கி, இரவு பதினொரு மணிக்கு யார் கணக்குப் போடுவார்கள்?

சட்டப்படி வயதும் உரிமமும் உள்ளவர் கலந்துதான் குடிப்பேன் என்றால், கலவை எளிது. 5 விழுக்காடுள்ள 330 மி.லி. குளிர்ந்த லாகர். உயரமான குவளையில் முதலில் 30 மி.லி. ரம் அல்லது விஸ்கி. கண்ணால் குத்துமதிப்பாக அல்ல, அளவுக் குவளையால். பிறகு குவளையைச் சாய்த்துப் பீரை ஓரமாக ஊற்றினால் நுரை பொங்காது. விருப்பமிருந்தால் எலுமிச்சை. இதன் செறிவு எட்டு விழுக்காட்டுக்குச் சற்று மேல். ஆம், கடையில் கிடைக்கும் ஸ்ட்ராங் பீரேதான். இதில் வேறு இரகசியம் இல்லை. மது 23 கிராம். இதை ‘ஒன்று’ என்று எண்ணாதீர்கள், இரண்டேகால் என்று எண்ணுங்கள். சாப்பிட்டபின், மெதுவாக, அதோடு நிறுத்துங்கள். வண்டிச் சாவியைத் தொடாதீர்கள்.

‘பீருக்குப் பின் பிராந்தி கூடாது, பிராந்திக்குப் பின் பீர் பரவாயில்லை’ போன்ற வரிசைச் சாத்திரங்களையும் விட்டுவிடலாம். 2019இல் வெளியான ஓர் ஆய்வுக்காக ஜெர்மனியில் 90 பேரிடம் பீரையும் ஒயினையும் முன்பின்னாகக் கொடுத்துச் சோதித்தார்கள். வரிசை மாறியதால் மறுநாள் அவதி கூடவுமில்லை, குறையவுமில்லை.

‘ஆய்வு மாணவன் குடிக்கக் கற்றுத்தருகிறான்’ என்று சிலர் எழுதக்கூடும். எழுதட்டும். அன்றிரவு அந்த அறையில் இருந்த நால்வரும் முதுகலை மாணவர்கள். அவர்களுக்கு நுண்கணிதம் தெரியும். ஒரு கூட்டல் கணக்குத்தான் விடுபட்டது. மயங்கியவனை மல்லாக்கப் போடக்கூடாது, தனியே விடக்கூடாது, காப்பி கொடுக்கக்கூடாது, வாந்தி எடுக்கவைக்கக்கூடாது, உடனே 108ஐ அழைக்க வேண்டும் என்பதும் அவர்களுக்குத் தெரியாது. வயதையும் உரிமத்தையும் காலையில் பேசிக்கொள்ளலாம். மூச்சு காலைவரை காத்திராது.

தம்பி பிழைத்துக்கொண்டான். மூன்றாம் நாள் என் அறைக்கு வந்து, தலைகுனிந்து, “ஒரு குவார்ட்டர்தான்ணே அடிச்சேன்” என்றான். தாளில் கணக்கைப் போட்டுக் காட்டினேன். நீண்ட நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனான்.