வார்ப்படக் கணக்கும் உஷ்ண அளவும்

உருகிய உலோகம் அச்சினுள் உறையும் விதத்தைப் பட்டறையில் நிற்போர் கண்ணால் காண்பதற்கில்லை. வார்ப்படத்தை அறுத்துப் பார்க்கும்போதுதான் உள்ளே பொந்து விழுந்திருப்பது தெரியவருகிறது. உறையும் காலத்தைக் கணிக்க 1940-ஆம் ஆண்டில் குவோரினோவ் என்னும் அறிஞர் ஒரு விதி வகுத்தார். கன அளவைப் புறப்பரப்பால் வகுத்துவரும் ஈவின் வர்க்கத்திற்கேற்ப அக்காலம் அமையும். பக்கம் இரு மடங்கான கனசதுரம் உறைய நான்கு மடங்கு நேரமாகும். இவ்விதியிலும் ஒரு மாறிலி உண்டு. அதனைச் சோதனையால்தான் பெறவேண்டும்.

இன்று கணிப்பொறி வார்ப்படத்தை லட்சக்கணக்கான சிறு கூறுகளாகப் பகுத்து, ஒவ்வொன்றின் உஷ்ணநிலையையும் கணம்தோறும் கணக்கிட்டு, வண்ணப்படமாகக் காட்டுகிறது. ரைசர் எங்கே வேண்டும், எங்கே வேண்டாம் என்பதை ஒரு பிடி உலோகமும் வார்க்காமல் ஆராய முடிவது பெரும் நன்மையே. ஆயினும் படத்தின் அழகைக் கண்டு அதனையே சான்றாகக் கொள்வது தவறு.

உலோக அச்சை எடுத்துக்கொள்வோம். உறையும் உலோகம் சுருங்கி அச்சிலிருந்து விலகுகிறது. இடையே நூலிழை போன்ற வெளி உண்டாகிறது. அக்கணமே வெப்பம் கடத்தப்படும் வேகம் பன்மடங்கு குறைந்துவிடும். அவ்வேகம் எவ்வளவென்பது அச்சின் மேற்பூச்சையும் அழுத்தத்தையும் பொறுத்தது. எந்தப் புத்தகமும் அந்தப் பட்டறைக்குரிய எண்ணைத் தராது. அச்சில் தெர்மோகப்பிள்களைப் பொருத்தி, உஷ்ணநிலையைக் குறித்து, பின்னோக்கிக் கணக்கிட்டே அதனைப் பெறலாம். மணல் அச்சிலோ மணலின் ஈரமும் களிமண் அளவும் முக்கியம். கோயம்புத்தூர் மணலின் எண்கள் ராஜ்கோட்டுக்குப் பொருந்துமென எவ்வாறு கொள்வது?

வளைவும் வெடிப்பும் பற்றிய கணக்கு இதனினும் ஐயத்திற்குரியது. பாதி உறைந்த கலவையின் வலிமையை அளப்பது கடினமாதலால், உஷ்ணநிலைப் படத்தை நம்பும் அளவிற்கு உருத்திரிபுப் படத்தை நம்புதல் ஆகாது.

தொழிற்பயிற்சி ஆசிரியர்கள் மென்பொருளைத் திறக்குமுன் ஒரு சோதனையைச் செய்து காட்டுவது நலம். அலுமினியத்தில் சுமார் 12 சதவீதம் சிலிக்கன் கலந்த உலோகத்தை உருக்கி, உலர்ந்த உறையிட்ட தெர்மோகப்பிளை அதில் வைத்துச் சில விநாடிக்கொருமுறை அளவெடுக்க வேண்டும். (ஈரமான கருவியை உருகிய உலோகத்தில் இடுவது உயிருக்கே ஆபத்து.) புத்தகம் 577 டிகிரி சென்டிகிரேடு என்னுமிடத்தில், வளைகோடு அதற்குச் சற்றுக் கீழே படியும். ஸ்ட்ரான்ஷியம் சிறிதளவு சேர்த்தால் மேலும் சில டிகிரி தாழும். அத்தாழ்வை ஊட்டினாலன்றிக் கணிப்பொறி அறியாது.

களப்பணியாளர்க்கும் இதில் பங்குண்டு. வார்க்கும் உஷ்ணநிலை, மணலின் ஈரம், பொந்து விழுந்த இடம் ஆகியவற்றை அவர்கள் பதிவுசெய்தால் கணக்கைச் சரிபார்க்க வழி பிறக்கும். தள்ளுபடியான வார்ப்படம் அன்றே உலைக்குத் திரும்பிவிடுகிறது. அதனுடன் கணக்கு பிழைத்ததற்கான சான்றும் உருகிப்போகிறது. உலையிலிடுமுன் அதனை அறுத்து, வெட்டுமுகத்தைப் படமெடுத்து, கணிப்பொறிப் படத்தின் அருகே வைத்துப் பார்ப்பதற்கு அரைமணி நேரம் போதும்.