கம்ப்யூட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆகிறதா? ஃபார்மேட்டுக்கு அவசரப்படாதீர்கள்!

மதுரையில் வீட்டு முன்னறையில் கம்ப்யூட்டர் போட்டு, கல்லூரி மாணவர்களுக்கு ஆய்வேடு டைப் செய்து தருகிறார் ஓர் இல்லத்தரசி. ஒன்பது வருடத் தொழில். திங்கள்கிழமை காலை 240 பக்க ஆய்வேடு ஒன்றைப் பிரின்ட் எடுத்துக் கொடுத்தாக வேண்டும். வியாழக்கிழமை மாலையிலிருந்து கம்ப்யூட்டர் பட்டென்று அணைந்து, தானாகவே மறுபடி உயிர் பெறுகிறது. எர்ரர் மெசேஜ் எதுவும் இல்லை. சேவ் செய்யாமல் வைத்திருந்த பாதி அத்தியாயம் போயே போய்விட்டது.

முதலில் கேட்ட கடைக்காரர் போனிலேயே தீர்ப்பு சொல்லிவிட்டார்: “வைரஸா இருக்கும்மா. கொண்டாங்க, ஃபார்மேட் அடிச்சிடலாம்.”

கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆனாலே வைரஸ் என்று நினைப்பதற்கும் ஒரு பழைய காரணம் உண்டு. 2003 ஆகஸ்டில் பரவிய ‘பிளாஸ்டர்’, விண்டோஸ் எக்ஸ்பி கம்ப்யூட்டர்களில் 60 நொடி கவுன்ட்டவுன் காட்டி ரீஸ்டார்ட் செய்துகொண்டே இருந்தது. ஆனால், ஒரு எச்சரிக்கைகூட காட்டாமல் சட்டென்று அணைகிற கம்ப்யூட்டரில் முதலில் சந்தேகப்பட வேண்டியது கரன்ட்டையும் சூட்டையும்தான். அதற்கு ஃபார்மேட் செய்தால் ஃபைல்கள் போகும், பிரச்னை போகாது.

ஒன்பது வருட ஃபைல்களை இழக்க மனமில்லாமல், பக்கத்துத் தெருவில் சர்வீஸ் செய்யும் இளைஞரைக் கூப்பிட்டார் அந்தப் பெண்மணி. வந்தவர் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுக்கவே இல்லை. முக்கியமான ஃபைல்களை எல்லாம் ஒரு எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கில் காப்பி செய்தார். பிறகுதான் கேள்வி கேட்டார்.

“எப்பெல்லாம் ஆஃப் ஆகுதுக்கா?”

“நேரம் காலமே இல்ல தம்பி. அது இஷ்டத்துக்கு ஆகுது.”

“அப்படி இருக்காதுக்கா. இனிமே ஒவ்வொரு தடவையும் மணியையும், அப்ப என்ன பண்ணிட்டிருந்தீங்கன்னும் எழுதி வைங்க.”

கிளம்புவதற்கு முன் விண்டோஸில் இரண்டு வேலைகள் செய்தார். பெரிய கோளாறு வந்தால் விண்டோஸ் நீலத் திரையில் காரணத்தைக் காட்டும். ஆனால் உடனே ரீஸ்டார்ட் ஆகும்படி அமைத்திருப்பதால், சில சமயம் அதைப் படிப்பதற்குள் மறைந்துவிடும். ஸ்டார்ட் மெனுவில் ‘வியூ அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ்’ என்று தேடி, ‘ஸ்டார்ட்அப் அண்ட் ரெக்கவரி’ பகுதிக்குப் போய், ‘ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்’ என்பதன் டிக்கை எடுத்துவிட்டால் நீலத் திரை அப்படியே நிற்கும். அடுத்து ‘ஈவென்ட் வியூவர்’. அதில் ‘கெர்னல்-பவர் 41’ என்ற குறிப்பு வரிசையாக இருந்தது. முறையாக ஷட் டவுன் ஆகாமல் கம்ப்யூட்டர் நின்றுபோயிருக்கிறது என்று மட்டுமே அதற்கு அர்த்தம். ஏன் நின்றது என்பதை அது சொல்லாது.

சனிக்கிழமை மாலை அவர் திரும்பி வந்தபோது, காலண்டர் தாளின் பின்பக்கம் ஒன்பது வரிகள் இருந்தன. ஏழு முறை, பிரின்ட் கொடுத்த சில நொடிகளில். இரண்டு முறை, வீட்டில் தண்ணீர் மோட்டார் போட்டபோது. நீலத் திரை ஒருமுறைகூட வரவில்லை.

“கம்ப்யூட்டர் மட்டும்தான் ஆஃப் ஆகுதாக்கா, இல்ல பிரின்டரும் சேர்ந்தா?”

யோசித்துப் பார்த்தால், ஒவ்வொரு முறையும் பிரின்டரும் புதிதாக ஆன் செய்ததுபோல உறுமியிருக்கிறது. கம்ப்யூட்டர் போனதால் அதுவும் போகிறது என்று அவர் விட்டுவிட்டார். மேஜைக்கு அடியில் பார்த்தால், இரண்டு பிளக்கும் ஒரே யுபிஎஸ்ஸில்!

அது லேசர் பிரின்டர். டோனர் தூளைத் தாளில் உருக்கி ஒட்டவைக்க, உள்ளே இருக்கும் உருளை 200 டிகிரி செல்சியஸை நெருங்கும் அளவுக்குச் சூடாக வேண்டும். அந்தச் சில நொடிகளில் ஆயிரம் வாட் வரை இழுக்கும் மாடல்கள்கூட உண்டு. வீடுகளில் இருக்கும் 600 விஏ யுபிஎஸ் தாங்குவது சுமார் 360 வாட்தான். போதாக்குறைக்கு, உள்ளே இருந்த 12 வோல்ட் பேட்டரிக்கு நான்கு வயது. இந்த வகை பேட்டரி பெரும்பாலும் இரண்டு, மூன்று வருடங்களிலேயே தளர ஆரம்பித்துவிடும். மோட்டார் போட்டதும் வோல்டேஜ் இறங்கும், யுபிஎஸ் பேட்டரிக்குத் தாவும், அங்கே தெம்பு இருக்காது.

உங்கள் யுபிஎஸ்ஸையும் சோதித்துப் பார்க்கலாம். எல்லா ஃபைல்களையும் சேவ் செய்து மூடிவிட்டு, சுவரில் யுபிஎஸ் சுவிட்சை அணையுங்கள். கம்ப்யூட்டர் அந்த நொடியே போய்விட்டால் பேட்டரி முடிந்தது என்று அர்த்தம்.

எல்லா வீட்டிலும் குற்றவாளி யுபிஎஸ்ஸாக இருக்காது. கேம், வீடியோ எடிட்டிங் என்று வேலை கூடும்போது மட்டும் அணைந்தால் சூடு காரணமாக இருக்கலாம். அளவுக்கு மீறிச் சூடானால் பிராசஸர்கள் தங்களைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும். கேபினெட்டைத் திறந்து ஃபேனில் படிந்த தூசியைத் துடைத்தாலே சூடு குறையலாம். நீலத் திரை வந்து, ஒவ்வொரு முறையும் வேறு வேறு காரணம் காட்டினால் ‘விண்டோஸ் மெமரி டயக்னோஸ்டிக்’ ஓட்டி ரேமைச் சோதியுங்கள். ராத்திரியில் மட்டும் ரீஸ்டார்ட் ஆகிறது என்றால் அது பெரும்பாலும் விண்டோஸ் அப்டேட்டின் வேலை. யுபிஎஸ் இல்லாமல், நேராகச் சுவரில் செருகினாலும் அணைகிறதா? எஸ்எம்பிஎஸ் பலவீனமாகியிருக்கலாம். அந்தப் பெட்டியை மட்டும் வீட்டில் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தேங்கி நிற்கும். தெரிந்தவரிடம் கொடுத்து மாற்றிவிடுங்கள்.

மதுரை வீட்டில் பிரின்டருக்குச் சுவரில் தனி பாயின்ட், யுபிஎஸ்ஸுக்குப் புது பேட்டரி. ஞாயிறு மதியம் ஆய்வேட்டின் 240 பக்கங்களும் தடையில்லாமல் வந்து விழுந்தன. கடைசிப் பக்கம் வரும் வரை வீட்டில் ஒருவரும் மோட்டார் சுவிட்ச் பக்கமே போகவில்லை.