அடுப்பு எரிகிறது, பால் எங்கே?

மதுரையிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போகும் சாலையில் கிருஷ்ணன்கோவில் என்று ஓர் ஊர் இருக்கிறது. வெண்ணெய் திருடிய பிள்ளையின் பெயரைத் தாங்கிய ஊர். அந்த வட்டாரத்தின் பால் வளத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவே சாட்சி. 2019-ஆம் வருஷத்தில் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. கீர்த்திக்குக் குறைவில்லை. ஆனால் வாணலியில் சுண்டும் அந்தப் பாலில் ஒரு டம்ளராவது, மாடு கறந்த ஏழை வீட்டுப் பிள்ளையின் வாயில் போகிறதா?

பாலின் அருமையை இனிமேல்தான் ருசுப்படுத்த வேண்டும் என்பதில்லை. குன்னூர் ஆராய்ச்சி நிலையத்தில் டாக்டர் அய்க்ராய்டும் அவருடைய சகா கிருஷ்ணனும், 1930-களிலேயே, விடுதிப் பிள்ளைகளுக்கு வெண்ணெய் எடுத்த பாலைக் கொடுத்துப் பார்த்தார்கள். குடித்தவர்கள் உயரத்திலும் எடையிலும் மற்றவர்களை முந்தினார்கள். இங்கிலாந்தில் 1946-இல் சட்டமே இயற்றிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசமாகப் பால் வழங்கினார்கள். நம் அண்டையிலுள்ள கர்நாடகத்தில் 2013-இல் ‘க்ஷீர பாக்கியம்’ என்னும் திட்டம் பிறந்தது. கூட்டுறவுச் சங்கங்களில் மிகுந்த பால், பொடியாகிப் பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. நம் ராஜ்யத்திலோ, 1960-களில் மதிய உணவுக்கு அமெரிக்காவிலிருந்து பால்பொடி வந்தது. பசுவைத் தெய்வமாகக் கும்பிடும் நாட்டுக்குக் கப்பலேறிப் பால் வந்த விந்தையை என்னவென்று சொல்வது!

ஆயினும், பாலைக் கொடுத்துவிட்டால் மட்டும் போதாது. குழந்தைகளைப் போலவே கிருமிகளுக்கும் பால் பிடித்தமான ஆகாரம். காய்ச்சாத பாலின் மூலம் க்ஷயமும், விஷஜுரமும், வயிற்றுப்போக்கும் பரவக்கூடும். வீட்டுப் பால் கெட்டால் ஒரு குடும்பத்துக்குக் கஷ்டம். பள்ளிக்கூடத்து அண்டா கெட்டால் ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் ஆபத்து. பால் பண்ணைகளில் 72 டிகிரி உஷ்ணத்தில் 15 விநாடி வைத்து உடனே குளிரச் செய்கிறார்கள். கிராமத்தில் அந்த யந்திரம் வேண்டாம். நன்றாகப் பொங்கக் காய்ச்சினால் போதும். பால்பொடியானால், கரைக்கும் தண்ணீரைக் கொதிக்க வைக்கவேண்டும். காய்ச்சிய பாலை அழுக்குப் பாத்திரத்தில் ஊற்றினால் பட்ட பாடெல்லாம் வீண். மணிக்கணக்கில் வைத்திருக்கவும் கூடாது. கலப்படம் என்னும் பாவம் மட்டும் நெருப்பில் தீராது. அதைச் சங்கத்தில் பாலை வாங்கும்போதே பரிசோதிக்க வேண்டும்.

இதற்கெல்லாம் பெரிய ஏற்பாடு வேண்டுமே என்று மலைக்க வேண்டியதில்லை. 2022-இல் மதுரையில் காலைச் சிற்றுண்டித் திட்டம் ஆரம்பமாகி, மறு வருஷம் ராஜ்யமெங்கும் அரசாங்க ஆரம்பப் பள்ளிகளுக்குப் பரவியது. அதன் பயனாக, கிராமப் பள்ளிக்கூடங்களில் பொழுது விடிந்ததும் அடுப்பு மூட்டி, உப்புமாவும் பொங்கலும் கிண்டப் பெண்கள் வந்துவிட்டார்கள். அடுப்பு இருக்கிறது, ஆள் இருக்கிறது, பக்கத்திலேயே பாலும் இருக்கிறது. இம்மூன்றையும் சேர்த்து வைப்பதுதான் பாக்கி.

தாய்மார்களே! பள்ளி மேலாண்மைக் குழு அடுத்த தடவை கூடும்போது இதைக் கேளுங்கள். “பால் உண்டா?” என்று மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள், “காய்ச்சியது யார், எப்போது, எந்தப் பாத்திரத்தில்?” என்றும் கேளுங்கள். ஆயர்பாடிப் பிள்ளை உறியிலிருந்து திருடித் தின்றான். நம் பிள்ளைகளுக்கு அந்தச் சிரமம் எதற்கு?