சம்மன் வந்தால் எதைக் கொடுப்பார்கள்?

கட்சிக்காரர் வழக்கறிஞர்களாகிய நம்மிடம் சொன்னதை அவருடைய வெளிப்படையான சம்மதமின்றி வெளியிடக் கூடாது. பழைய சாட்சியச் சட்டத்தின் 126-ஆம் பிரிவு சொன்னதும், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்‌ஷிய அதினியத்தின் 132-ஆம் பிரிவு சொல்வதும் இதுதான். நம் குமாஸ்தாவையும் மொழிபெயர்ப்பாளரையும்கூட அந்தப் பிரிவு கட்டுகிறது. 2025 அக்டோபர் 31 அன்று உச்ச நீதிமன்றம் இதை மேலும் வலுப்படுத்தியது. வழக்கறிஞரின் மின்னணுச் சாதனம் தேவையென்றால் அதை நீதிமன்றத்தின் முன்புதான் ஒப்படைக்கச் சொல்ல வேண்டும். திறக்கும்போது வழக்கறிஞரும் கட்சிக்காரரும் உடனிருக்க வேண்டும். மற்றக் கட்சிக்காரர்களின் இரகசியம் குலையக் கூடாது.

இந்தக் காவலெல்லாம் நம் அலுவலகத்துக்கும் நம் கைபேசிக்கும்தான். கட்சிக்காரருடைய அபிடவிட்டின் நகல் ஏதோ ஒரு நிறுவனத்தின் சர்வரில் கிடந்தால், கேட்பவர்கள் அந்த நிறுவனத்திடமே நேராகக் கேட்பார்கள். நமக்குத் தகவல்கூட வராமல் போகலாம். ஆகவே எந்தச் செயலியில் பேசுகிறோம், எந்த மென்பொருளில் மனுவைத் தயாரிக்கிறோம் என்பதும் தொழில் ஒழுக்கத்தில் அடங்கியதே என்பது இந்த இதழின் கருத்து.

எப்படித் தேர்ந்தெடுப்பது? எல்லா நிறுவனங்களும் தனியுரிமையே உயிர் என்றுதான் விளம்பரம் செய்கின்றன. முதல் விசாரணையில் சாட்சி சொன்னதை அப்படியே நம்பிவிடும் வழக்கம் நமக்கு இல்லை. குறுக்கு விசாரணையில் அது நிற்கிறதா என்று பார்ப்போம். இங்கும் அதுவே முறை. நீதிமன்ற உத்தரவு வந்தபோது அந்த நிறுவனத்தால் எதைக் கொடுக்க முடிந்தது என்று பார்க்க வேண்டும்.

2016-இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஒரு கிராண்ட் ஜூரி சிக்னல் செயலியை நடத்துவோருக்கு சம்மன் அனுப்பியது. கேட்கப்பட்டது இரண்டு தொலைபேசி எண்களின் விவரம். அதில் ஓர் எண்ணுக்குத்தான் கணக்கு இருந்தது. அந்தக் கணக்கு தொடங்கிய நேரமும், அது கடைசியாக இணைப்பில் வந்த நாளும் மட்டுமே கொடுக்கப்பட்டன, வேறெதுவும் அவர்களிடம் இல்லாததால். 2021-இல் சுவிட்சர்லாந்தின் புரோட்டான் மெயிலுக்கு, பிரெஞ்சுக் காவல் துறை கேட்டதன் பேரில், சுவிஸ் அதிகாரிகளின் உத்தரவு வந்தது. ஒரு பருவநிலைப் போராளியின் ஐ.பி. முகவரியைப் பதிவு செய்து கொடுக்க வேண்டியதாயிற்று. மறையாக்கம் செய்யப்பட்ட கடித உள்ளடக்கத்தை அவர்களால் கொடுக்க முடியவில்லை. சட்டத்துக்கு இரண்டு நிறுவனங்களுமே கட்டுப்பட்டன. கையில் இருந்ததைப் பொறுத்தே கொடுத்தது அமைந்தது. எதைச் சேர்த்து வைக்காமல் இருக்கிறதோ அதைவைத்தே ஒரு சேவையை எடைபோட வேண்டும்.

வாட்ஸ்அப்பை விட்டுவிடச் சொன்னால் யாரும் கேட்கப்போவதில்லை. கட்சிக்காரர்கள் அதில்தான் வருகிறார்கள். செய்திகள் முனைக்கு முனை மறையாக்கம் பெறுகின்றன என்பது உண்மை. ஆனால் யார் யாரிடம் எப்போது பேசினார் என்ற விவரம் நிறுவனத்துக்குத் தெரியும். அதைவிடப் பெரிய ஓட்டை பேக்கப். கூகுள் டிரைவுக்கோ ஐகிளவுடுக்கோ போகும் பேக்கப்புக்கு, நாமாக அமைப்புகளில் போய்த் தேர்வு செய்தால்தான் அந்த மறையாக்கம் கிடைக்கும். 2021 முதல் இந்த வசதி இருக்கிறது. அதற்கு இடும் கடவுச்சொல்லை மறந்தால் பேக்கப் போனதுதான். அதனால் அதை எழுதிப் பூட்டி வையுங்கள். டெலிகிராமைப் பலர் பாதுகாப்பானது என்று நம்புகிறார்கள். அதன் சாதாரண உரையாடல்களுக்கும் குழுக்களுக்கும் முனைக்கு முனை மறையாக்கம் கிடையாது. வழக்கின் உள்விவரம் பேசவேண்டிய கட்சிக்காரரிடம் சிக்னலை நிறுவச் சொல்வதில் தயக்கம் வேண்டாம்.

நமக்கு அதிகக் கவலை தருவது இ-ஃபைலிங் அவசரம். மனு, அபிடவிட், ஆவணங்கள் எல்லாவற்றையும் ஒரே பி.டி.எஃப். ஆக்க வேண்டும். நேரமில்லாத ஜூனியர் இணையத்தில் தேடி, முதலில் வரும் இலவசத் தளத்தில் அத்தனையையும் பதிவேற்றுகிறார். விவாகரத்து மனு, மருத்துவச் சான்று, போக்ஸோ வழக்கின் வாக்குமூலம் எல்லாம் யாரென்று தெரியாத ஒருவரின் சர்வருக்குப் போகின்றன. நீதிமன்ற வாசலில் உள்ள ஜெராக்ஸ் கடையின் மின்னஞ்சலுக்கு அனுப்பி அச்செடுப்பதும் அப்படித்தான். தாளை வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறோம், கோப்பு அங்கேயே இருக்கிறது. இதற்கு மாற்று செலவில்லாதது. பி.டி.எஃப்.சாம் பேசிக் என்ற மென்பொருள் நம் கணினியிலேயே, இணைய இணைப்பு இல்லாமலேயே, கோப்புகளைச் சேர்க்கும், பிரிக்கும். தட்டச்சு செய்து பி.டி.எஃப். ஆக்க லிப்ரே ஆபீஸ் போதும். இரண்டும் இலவசம், இரண்டுக்கும் மூல நிரல் வெளிப்படையானது.

இலவசம் என்பதாலேயே எதையும் நம்பவும் வேண்டாம். அவாஸ்ட் ஆன்டிவைரஸ் தன் பயனர்களின் இணைய உலாவல் விவரங்களை ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனம் வழியாக விற்றது. அமெரிக்க வர்த்தக ஆணையம் 2024-இல் அதனிடம் 1.65 கோடி டாலர் கட்ட வைத்தது. பாதுகாப்பு தருவதாகச் சொன்ன மென்பொருளே செய்த காரியம் இது.

செயற்கை நுண்ணறிவு உரையாடல் செயலிகளில் வழக்கின் விவரத்தை இட்டு மனு எழுதுவோர், பிறகு அழித்துவிடலாம் என்று எண்ணுகிறார்கள். நியூயார்க் டைம்ஸ் தொடுத்த வழக்கில், பயனர்கள் அழித்த உரையாடல்களையும் பாதுகாத்து வைக்கும்படி 2025 மே மாதம் ஓப்பன் ஏஐ நிறுவனத்துக்கு நியூயார்க் நீதிமன்றம் உத்தரவிட்டது. சில மாதங்கள் அது நீடித்தது. கட்சிக்காரரின் பெயரையும் ஊரையும் அங்கே எழுதாதீர்கள்.

மின்னஞ்சல் பற்றி ஒன்று. நாம் மட்டும் புரோட்டானுக்கு மாறினால் பாதி வேலைதான் முடியும். எதிர்முனை ஜிமெயில் என்றால் கடிதம் அங்கேயும் இருக்கும். இணைப்புக்குக் கடவுச்சொல் இட்டு, அதைத் தொலைபேசியில் சொல்லுங்கள்.

மாவட்ட, தாலுகா வழக்கறிஞர் சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். சங்க நூலகத்தில் ஒரு கணினி, ஒரு ஸ்கேனர், ஓர் அச்சுப்பொறி வையுங்கள். மேலே சொன்ன மென்பொருள்களை அதில் நிறுவுங்கள். மாலையில் கோப்புகளை அழிக்கும் பொறுப்பை ஒருவரிடம் கொடுங்கள். குமாஸ்தாக்களுக்கும் ஜூனியர்களுக்கும் ஒரு சனிக்கிழமை பயிற்சி நடத்துங்கள். தனி அலுவலகம் இல்லாத இளம் வழக்கறிஞர்களுக்கு இது உடனடியாகத் தேவைப்படுகிறது.